குச்சியில சுத்தினா அனுபவம், கரியில புதைச்சா புகையா?

கோதுமை மாவு, உப்பு, தண்ணி. ரொட்டிக்கு இந்த மூணு போதும்னு சொன்னா இப்பல்லாம் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க மக்களே. ஹைதராபாத்லேர்ந்து சனி ஞாயிறுன்னா அனந்தகிரி மலைப்பக்கம் கூடாரம் போடப் போற கூட்டம் பெருத்துப் போச்சு. ராத்திரி நெருப்பைச் சுத்தி உட்கார வச்சு, மைதாவுல ஈஸ்ட்டும் பால் பவுடரும் போட்டுப் பிசைஞ்ச ஒரு உருண்டையைக் கையில கொடுத்து, குச்சியில சுத்தி வாட்டச் சொல்றாங்க. ஐரோப்பிய சமாச்சாரமாம். (ஜெர்மன்காரங்க ஷ்டொக்ப்ரோட்னு சொல்வாங்க. 'குச்சி ரொட்டி'ன்னு அர்த்தம், அம்புட்டுதான்.) எங்ககிட்ட தலைக்கு 300 ரூபாய் வாங்கினாங்க. நான் பி.காம். படிச்சு பேங்குல குப்பை கொட்டறவன். ஒரு கை மாவுக்கு அடக்க விலை என்னன்னு மனசு தானா கணக்குப் போடுது, என்ன செய்ய :-)

வியாபாரம் பண்ணட்டும், அதுல எனக்குச் சண்டை இல்லை. சண்டை வேற இடத்துல.

எங்க அபார்ட்மெண்டுக்குப் பின்னால ஒரு டவர் எழும்புது. பீகார்க்காரப் பசங்க வேலை முடிஞ்சதும் நாலு உடைஞ்ச செங்கல்லை வச்சு, கட்டைத் துண்டுகளை எரிச்சு லிட்டி சுடுவாங்க. உள்ளே வைக்கிறது சத்து. நம்மூர் சத்துமாவுன்னு நினைச்சுக்காதீங்க, வறுத்த கடலை மாவு. அதுல ஓமம், பச்சை மிளகாய், கொஞ்சம் கடுகெண்ணெய். சட்டி கிடையாது, தவா கிடையாது, நேரா கரி நெருப்புலதான். ராஜஸ்தான்ல பாட்டி சுடறதும் இதே கதைதான், அங்கே வறட்டித் தணல். ஆஸ்திரேலியாவுல மாடு ஓட்டிட்டுப் போனவங்க சாம்பல்ல புதைச்சுச் சுட்ட டேம்பரும் அதேதான். இவங்க யாரும் ஈஸ்ட் பாக்கெட்டைத் தேடி அலையலை.

ஈஸ்ட் எதுக்குங்கறேன்? கோதுமையில இருக்கற குளூட்டன் தண்ணியை இழுத்து இழுவையா ஆகறதுக்கு அரை மணி நேரம் மூடி வச்சா போதும். (இங்கத்து ஜொன்ன ரொட்டெக்கு அது கிடையாது. சோளத்துல குளூட்டன் இல்லை, வெந்நீர் ஊத்திக் கையால தட்டணும், குச்சியில சுத்தினா உதிர்ந்துடும்.) ரெண்டு டம்ளர் ஆட்டாவுக்கு அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேல தண்ணி, கெட்டியா பிசையணும். முக்கியமான விஷயம், தீ கொழுந்துவிட்டு எரியறப்போ வைக்கவே கூடாது. மேலே கருகும், உள்ளே பச்சை மாவு. அனந்தகிரியில பாதிப்பேர் அதைத்தான் தின்னாங்க. கரி மேல சாம்பல் வெள்ளையா பூத்தப்புறம் வச்சு, திருப்பித் திருப்பிப் போட்டு, தட்டினா டொக்குன்னு வெத்துச் சத்தம் வரணும். அந்தப் பசங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு.

போன மாசம் அசோசியேஷன் கூட்டத்துல, புகை வருது, அடுப்பை நிறுத்தணும்னு தீர்மானம். கை தூக்கினவங்கள்ல நிறையப் பேர் குச்சி ரொட்டி போட்டோவை வாட்ஸப்புல போட்டவங்க! புகை கெடுதல்தான், மறுக்கலை. சென்ட்ரிங் கட்டைப் புகை ரொம்பவே கெடுதல். ஆனா அதை முதல்ல குடிக்கிறது யாரு? நாலாவது மாடியில ஜன்னலைச் சாத்திட்டு ஏசி போட்டிருக்கற நாமளா?

கட்டட வேலைக்காரங்களுக்கு இலவசமா தங்குமிடமும் தனியா சமையல் இடமும் முதலாளி தரணும்னு 1996 சட்டத்தோட 34-ஆம் பிரிவே அப்போ சொல்லியிருந்துச்சு. 5 கிலோ சிலிண்டர் வாங்க முகவரிச் சான்று கூடத் தேவையில்லை. (வெளியூர்ப் பசங்களுக்கு அட்ரஸ் ப்ரூஃப் எவ்வளவு பெரிய தலைவலின்னு என் கவுண்டர் பக்கம் வந்து பாருங்க.) அப்போ தீர்மானம் யாருக்குப் போயிருக்கணும்? காண்ட்ராக்டருக்கு. போனது வாட்ச்மேனுக்கு, அடுப்பை உதைச்சுத் தள்ளச் சொல்லி. நான் கேட்டேன். "மனக்கெந்துக்கு சார்?"னு பதில் வந்துச்சு.

இப்போ அந்தப் பசங்க ராத்திரி வெளியே கடையில சாப்பிடறாங்க. அந்தக் காசு மாசக் கடைசியில ஊருக்கு அனுப்பற பணத்துலதான் குறையும். சமையல் கொட்டகையும் சிலிண்டரும் கேட்டு பில்டருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கேன். அசோசியேஷன் பேர்ல போனா மதிப்பு. இதுவரை கையெழுத்து மூணு. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மாடியும் ஏறி இறங்கப் போறேன், அனந்தகிரி போட்டோ போட்ட வீடுகள்லேர்ந்து ஆரம்பிச்சு.