பேட்டரித் தெளிப்பானைத் தேர்வது யார் பொறுப்பு?

பேட்டரியால் இயங்கும் முதுகுத் தெளிப்பான் வேண்டுமென்ற ஆவல் நம் அங்கத்தினரிடையே பரவியிருப்பது இயற்கையே. இடக்கையால் நெம்புகோலை ஓயாது அடித்து, வலக்கையால் குழலை ஆட்டி, ஈர வரப்பில் நாளெல்லாம் நடந்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். அச்சிரமத்தை நீக்கும் கருவியைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால் ஆளுக்கொரு கடையில், ஆளுக்கொரு மாதிரியை, விற்பவர் புகழ்ந்ததை நம்பி வாங்கிவருவது நமக்கு உடன்பாடன்று. மாதிரியைச் சங்கமே சோதித்துத் தேரவேண்டும். உதிரிப்பாகங்களைச் சங்கமே இருப்பில் வைக்கவேண்டும் என்பது நம் கட்சி.

கடையில் முதலில் பேசப்படுவது தொட்டியின் கொள்ளளவு. 16 லிட்டரைவிட 20 லிட்டர் உயர்ந்தது என்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை அவர்கள் நினைவூட்டுவதில்லை. 20 லிட்டர் நிரம்பினால், கருவியின் எடையும் சேர, முதுகில் ஏறுவது ஏறத்தாழ 25 கிலோ. வீட்டுத் தோட்டத்தையும் கொல்லைக் காய்கறியையும் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களை முன்னிறுத்திப் பார்த்தால் 16 லிட்டருக்கு மேல் நமக்குத் தேவையில்லை. அதையும் முழுதும் நிரப்ப வேண்டுமென்ற கட்டாயமில்லை.

பேட்டரி விஷயம் இரண்டாவது. பல மாதிரிகளில் காண்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய-அமில பேட்டரி. பம்பு 2 ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 4 மணி நேரம் ஓடவேண்டும். நடைமுறையில் குறைவாகவே ஓடும். இவ்வகையின் பெருங்குறை வேறு. பருவம் முடிந்து, தீர்ந்த பேட்டரியோடு பரணில் போட்டுவிட்டால், தகடுகளில் சல்பேட் இறுகி அடுத்த பருவத்துக்கு அது உதவாது. லிதியம் பேட்டரி எடை குறைந்தது, விலை கூடியது. அதற்குரிய சார்ஜரால்தான் அதை ஏற்றவேண்டும். எதுவாயினும், சங்கக் கிடங்கில் மாதம் ஒருமுறை ஏற்றிவைக்க ஒருவர் இருந்தால் அதன் ஆயுள் நீளும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, கடையில் எவரும் பேசாத நாசில். வேலையைச் செய்வது அதுதான். மற்றவை அதற்குத் தண்ணீர் சுமப்பவை. பூச்சிக்கும் நோய்க்கும் கூம்பு வடிவில் தெளிக்கும் நாசில். களைக்கொல்லிக்கு விசிறி வடிவில் தெளிப்பது. தட்டை விசிறி நாசில்களின் நிறத்துக்கும் பொருளுண்டு: சர்வதேச வழக்கில் மஞ்சள் என்பது 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.8 லிட்டர் விடுவது. வாங்குமுன் வெறுந்தண்ணீரை ஒரு நிமிடம் வாளியில் தெளித்து அளந்து பார்க்கவேண்டும். பருவந்தோறும் அவ்வாறே அளக்கவேண்டும். தேய்ந்த நாசில் கூடுதலாக விடும். மருந்துச் செலவும் அதனோடு கூடும். அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்துவதும் வாயால் ஊதுவதும் கூடாது. மெல்லிய தூரிகையே போதும். வேப்பங்கொட்டைக் கரைசலோ பஞ்சகவ்யமோ அடிப்பவர்கள் இருமடித் துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் அரைமணியில் பம்பு திணறும். (வடிகட்டும் துணிக்கு நம் நெசவாளர் வீடுகளில் பஞ்சமில்லை.)

கை நோகாத கருவிக்கு ஓர் அபாயமும் உண்டு. 2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலியாட்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனை சேர்ந்தனர். ஆளுயரம் வளர்ந்த செடி, கலந்தடித்த மருந்துகள், புழுக்கம், காப்புடை இன்மை எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. நுண்துளியாகத் தெளிக்கும் விசைத்தெளிப்பான்களும் அவ்விவாதத்தில் அடிபட்டன. கையால் அடிப்பவன் களைத்தவுடன் நிற்கிறான். பம்பு களைப்பதில்லை, மூடுபனி போன்ற துளி முகத்துக்கே திரும்புகிறது. ஆகவே அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இல்லாத மாதிரி எவ்வளவு மலிவாயினும் நமக்கு வேண்டாம். கருவிக்கு ஒதுக்கும் பணத்திலேயே முகக்கவசம், கையுறை, கண்ணாடி ஆகியவற்றுக்கும் ஒரு பங்கு வைக்கவேண்டும்.

களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் தேவை. 2,4-டி என்ற களைக்கொல்லியின் சிறு மிச்சமும் பருத்தி இலையைச் சுருட்டிவிடும். சிறு உழவர் ஒருவர் இரண்டு கருவி வாங்குவது இயலாது, சங்கத்தால் இயலும். வேறு வேறு நிறத் தொட்டிகளாகப் பார்த்து வாங்கினால் தவறு நேராது.

பூச்சி விழும் வாரத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கருவி வேண்டுமே என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் அடிப்பதானால் 16 லிட்டர் தொட்டியைப் பன்னிரண்டு பதின்மூன்று முறை நிரப்பவேண்டும். ஒரு கருவி நாளொன்றுக்கு எவ்வளவு நிலத்தை முடிக்கும் என்பதை இதைக்கொண்டு அங்கத்தினரே கணக்கிடலாம். எண்ணிக்கை போதாதெனில், நிலம் மிகுந்தவர்கள் சொந்தமாகவே வாங்கட்டும். ஆனால் சங்கம் தேர்ந்த அதே மாதிரியை வாங்கட்டும். தார்க்குச்சி நாடாவுக்குப் பொருந்தாவிட்டால் தறி நின்றுபோகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஐம்பது வீட்டில் ஐம்பது மாதிரி இருந்தால் எந்த வாஷரை, எந்தப் பம்புச் சவ்வை, எந்த விசைப்பிடியை இருப்பில் வைப்பது?

பருத்தி விதைப்புக்கு முன் கூடும் பொதுச்சபையிலேயே இதைத் தீர்மானித்துவிடுவது நலம். இரண்டு மூன்று மாதிரிகளைத் தருவித்து, சங்க முற்றத்தில் தண்ணீர் நிரப்பி, அங்கத்தினர் தோளிலேயே மாட்டி நடக்கவிட்டுப் பார்க்கலாம். இரவல் பெறுபவர் மூன்று முறை தொட்டியையும் குழலையும் நல்ல தண்ணீரால் கழுவி, அத்தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துத் தீர்த்து, பேட்டரியை முழுதும் ஏற்றி ஒப்படைக்க வேண்டுமென்ற விதியையும், அடித்த மருந்தின் பெயரை எழுத ஒரு குறிப்பேட்டையும் அப்போதே ஏற்படுத்திவிடலாம்.