இளையோர் தியானம்: மௌனத்துக்கு நேரம் ஒதுக்கும் திட்டம்

இளையோர் தியானம் என்பது பங்கின் இளைஞர்களும் இளம்பெண்களும் வீட்டையும் வேலையையும் விட்டு இரண்டு மூன்று நாள் ஒன்றாகத் தங்கி, தங்கள் வாழ்வைக் கடவுள் முன் வைத்துப் பார்க்கும் நிகழ்வு. கத்தோலிக்கத் திருஅவையில் இதற்கு ஒழுங்கான வடிவம் தந்தவர் லொயோலா இஞ்ஞாசியார். 1522-இல் ஸ்பெயின் நாட்டு மன்ரேசாவில் மாதக்கணக்கில் தங்கிச் செபித்தபோது அவர் எழுதத் தொடங்கிய குறிப்புகளே 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலாயின. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் அதற்கு ஒப்புதல் அளித்தார். தியானங்களின் பாதுகாவலராக இஞ்ஞாசியார் 1922-இல் அறிவிக்கப்பட்டார். அவருடைய முழுப் பயிற்சி முப்பது நாள். கல்லூரிக்கும் கடலுக்கும் திரும்பியாக வேண்டிய இளையோரால் அத்தனை நாள் தங்க முடியாது. ஆனாலும் அந்தப் பயிற்சியின் வரிசை இரண்டு நாளுக்கும் பொருந்தும். முதலில் தன் வாழ்வையும் அதிலுள்ள பாவத்தையும் நேராகப் பார்ப்பது, அடுத்து கிறிஸ்துவின் அழைப்பைக் கேட்பது, பின் அவருடைய பாடுகளோடு நடப்பது, முடிவில் உயிர்ப்பின் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவது. விளையாட்டு, பாட்டு, உரை என்று கையில் கிடைத்ததையெல்லாம் நிகழ்ச்சி நிரலில் கோப்பவர்கள் இந்த வரிசையைத்தான் முதலில் தவறவிடுகிறார்கள்.

திட்டமிடும் வேலை குறைந்தது இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பங்குத்தந்தை, இளையோர் இயக்கத்துக்குப் பொறுப்பான அருட்சகோதரி, குடும்பஸ்தர் ஓரிருவர் ஆகியோருடன் இளையோரும் சரிபாதியாகக் குழுவில் இருப்பது நல்லது. 2018 அக்டோபரில் இளையோர் பற்றி ரோமில் கூடிய ஆயர் மாமன்றமும், அதைத் தொடர்ந்து 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'கிறிஸ்துஸ் வீவித்' மடலும் வலியுறுத்தியது இதையே: இளையோர் பணியை முன்னின்று நடத்த வேண்டியவர்கள் இளையோரே. பெரியவர்கள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, நாற்காலி அடுக்க மட்டும் இளைஞர்களைக் கூப்பிட்டால், வருகிறவர்கள் பார்வையாளர்களாகவே திரும்பிப் போவார்கள்.

தேதியை முடிவு செய்யும்போது ஊரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். குமரி மாவட்டக் கடற்கரைப் பங்குகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டத்தை ஒட்டிய கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் மீன்பிடித் தடை. படகில் தொழிலுக்குப் போகும் இளைஞர்கள் ஊரில் இருக்கும் காலம் அதுதான். ஆனால் வீட்டில் காசு புழங்காத காலமும் அதுவே. ஆகவே கட்டணத்தைக் குறைத்து, அரிசியையும் காய்கறியையும் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களிடம் கேட்டு வாங்குவது முறை. பணம் கட்ட முடியாத காரணத்தால் ஒருவர்கூட விடுபடக் கூடாது. கல்லூரித் தேர்வு, பங்குத் திருவிழா, டிசம்பர் 3 வரை பத்து நாள் நடக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழா ஆகியவற்றோடு மோதாத நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளஸ் டூ மாணவர்களையும் வேலைக்குப் போகிறவர்களையும் ஒரே தியானத்தில் அமர்த்துவது சரிவராது. இருவருடைய கேள்விகளும் வேறு, இரவில் விழித்திருந்து பேசும் பேச்சும் வேறு.

மையக்கருத்து ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அதற்கு ஒரே ஒரு விவிலியப் பகுதியை எடுத்து இரண்டு நாளும் அதிலேயே தங்குவது பலன் தரும். லூக்கா நற்செய்தி 24-ஆம் அதிகாரத்தில் எம்மாவுக்குப் போகும் சீடர் இருவரின் நிகழ்வு இளையோருக்கு மிகப் பொருத்தமானது. 2018 மாமன்றத்தின் இறுதி ஆவணமே அந்த நிகழ்வின் மேல்தான் கட்டப்பட்டது. ஏமாற்றத்தோடு நடக்கும் இருவர், அடையாளம் தெரியாமல் உடன் நடப்பவர், வழியில் மறைநூல் விளக்கம், அப்பம் பிட்கையில் திறக்கும் கண்கள், இரவென்றும் பாராமல் எருசலேமுக்குத் திரும்பும் ஓட்டம் என்று ஒரு தியானத்தின் எல்லாப் படிகளும் அதில் உண்டு. வெள்ளி மாலை ஏமாற்றங்களைப் பேசுவது, சனி காலை இறைவார்த்தை, சனி இரவு ஆராதனை, ஞாயிறு திருப்பலியும் அனுப்புதலும் என்று நிரலை அதிலிருந்தே வரைந்துவிடலாம்.

குழுச் செயல்பாடுகளின் நோக்கம் பேசத் தயங்குபவரைப் பேச வைப்பது. ஒரு குழுவுக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். நண்பர்கள் ஒட்டிக்கொள்ளாதபடி வெவ்வேறு தெரு, வெவ்வேறு அன்பியத்து ஆட்களைக் கலக்க வேண்டும். முதல் நாள் மாலை பெயர் சொல்லும் விளையாட்டு போதும். மறுநாள் கண்ணைக் கட்டிக்கொண்டு துணைவரின் குரலை நம்பி நடக்கும் பயிற்சி போன்றவற்றை வைக்கலாம். பயிற்சி முடிந்ததும் கைதட்டிக் கலைந்துவிட்டால் அது வெறும் விளையாட்டு. 'எந்த இடத்தில் பயந்தாய், யாருடைய குரலை நம்பினாய்' என்று குழுத்தலைவர் கேட்கும் அடுத்த இருபது நிமிடத்தில்தான் அதன் பயன் இருக்கிறது. பகிர்வுக்கு முன்பே விதியைச் சொல்லிவிட வேண்டும்: இங்கே கேட்டது வெளியே போகாது, ஒருவர் பேசும்போது மற்றவர் அறிவுரை சொல்லக் கூடாது, பேச விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

போதை, வேலையின்மை, காதல், சாதி போன்றவற்றைப் பேச பெல்ஜியம் நாட்டு அருள்பணியாளர் யோசேப்பு கார்டைன் காட்டிய வழி இன்றும் உதவும். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை 1925-இல் நிறுவிய அவர், நிலைமையைப் பார், நற்செய்தியின் ஒளியில் எடைபோடு, செயலில் இறங்கு என்ற மூன்று படிகளைக் கற்றுத்தந்தார். திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1961-இல் தம் சுற்றுமடலில் அதைப் பரிந்துரைத்தார். சாதியைப் பற்றிய பேச்சைத் தமிழகப் பங்குகள் தியானங்களில் தவிர்த்துவிடுவது பெரிய குறை.

குமரி மாவட்டத்தார் அந்தப் பேச்சை ஆரல்வாய்மொழியில் தொடங்கலாம். நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், 1752 ஜனவரி 14 அன்று அங்குள்ள காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகியது அவர் மீது கொண்ட பகைக்கு ஒரு காரணம். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட அவர் குருவோ துறவியோ அல்ல, மணமான பொதுநிலையினர். சனி மாலை எம்மாவு நடையைக் காற்றாடிமலையில் இருவர் இருவராக வைத்தால், பாதித் தூரம் பேசியும் மீதித் தூரம் பேசாமலும் நடக்கலாம். எந்த உரையாலும் தர முடியாததை அந்த நடை தரும்.

வழிபாடுதான் தியானத்தின் உச்சம் என்பதால் அதற்குக் கூடுதல் கவனம் தேவை. ஒப்புரவு அருளடையாளத்துக்கு நேரம் கணக்கிடுவதில் பல குழுக்கள் தடுமாறுகின்றன. அறுபது பேருக்குத் தலா ஐந்து நிமிடம் என்றாலே ஐந்து மணி நேரம் ஆகும். நான்கு அருள்பணியாளர்கள் இருந்தால் ஒன்றேகால் மணியில் முடியும். அவர்களில் சிலராவது வெளிப்பங்கைச் சேர்ந்தவர்களாக இருந்தால் இளையோர் கூச்சமின்றிப் பேசுவார்கள். யாரையும் வரிசையில் நிற்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பாவசங்கீர்த்தனம் செய்ய மனம் வராதவர் அருள்பணியாளரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகவும் இடம் இருக்க வேண்டும்.

நற்கருணை ஆராதனையில்தான் இன்றைய தியானங்கள் அதிகம் வழிதவறுகின்றன. விளக்கை அணைத்து, கீபோர்டை உருக்கமாக வாசிக்கவிட்டு, தாயின் கண்ணீரையும் தந்தையின் உழைப்பையும் உரத்த குரலில் சொல்லிச் சொல்லி அழவைப்பது எளிது. அந்த அழுகை திங்கட்கிழமை வரை நிற்பதில்லை. அதைவிட மோசம், அழாத பிள்ளை தனக்கு நம்பிக்கை இல்லையோ என்று குழம்பிப்போவது. திருப்பலிக்கு வெளியே நற்கருணை வழிபாடு பற்றி 1973-இல் வெளிவந்த சடங்கு நூல், ஆராதனையில் வாசகமும் பாடலும் மன்றாட்டும் இருப்பதோடு மௌன செபத்துக்கும் நேரம் வேண்டும் என்கிறது. கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை நிறுவப்பட்டதும் ஒரு பாடல், ஒரு குறுகிய வாசகம், பின் பதினைந்து நிமிட மௌனம் என்று வைத்தால் முதல் ஐந்து நிமிடம் நெளிவார்கள், பிறகு அமைதியாகி விடுவார்கள். பழக்கமில்லாதவர்களுக்கு, பிரான்சின் தேசே சமூகம் உலகெங்கும் பரப்பிய முறையில் ஒரே சிறு வரியைத் திரும்பத் திரும்ப மெல்லப் பாடுவது மௌனத்துக்குள் நுழைய நல்ல வாசல்.

திருப்பலியின் வாசகங்களை முந்தைய நாளே கொடுத்து, உரக்கப் படித்துப் பழகச் செய்ய வேண்டும். நம்பிக்கையாளர் மன்றாட்டை இளையோர் தங்கள் குழுவில் பேசியதிலிருந்தே எழுதட்டும். பாடற்குழு எல்லாருக்கும் தெரிந்த பாடலையே எடுக்கட்டும். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன் எதுவும் உண்ணக் கூடாது என்பதால் தேநீர், பலகார நேரத்தைச் சமையல்காரரோடு முன்பே பேசி வைக்க வேண்டும். இரவில் ஏழு மணி நேரமாவது தூங்கவிட வேண்டும். தூங்காத பிள்ளை ஆராதனையில் தூங்கிவிடும். கைப்பேசிகளை உறையில் பெயர் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, அவசரத்துக்கு ஒரே ஒரு எண்ணைப் பெற்றோரிடம் கொடுத்துவிடலாம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு கூடாது. பதினெட்டு வயது நிரம்பாத ஒவ்வொருவருக்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தங்குமிடம், பெண்கள் பக்கம் பொறுப்பான பெண்கள், முதலுதவி, தயாராக நிற்கும் ஒரு வண்டி ஆகியவை கட்டாயம். தனிப்பட்ட ஆலோசனையைப் பூட்டிய அறையில் நடத்தாமல், பிறர் கண்ணில் படும் இடத்தில் நடத்த வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, சிறார் மீதான பாலியல் குற்றம் பற்றிக் குழுப் பகிர்வில் தெரியவந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. குழுத்தலைவர்களாக இருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கும் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய தியான இல்லமானால் யாரும் குளிக்க இறங்கக் கூடாது.

தியானம் முடிந்த மறுவாரமே குழுத்தலைவர்கள் கூடி, எது பயன்பட்டது, எது வீணானது என்று பேசி எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் எடுத்த செயல்முடிவு சிறியதாகவும் நாள் குறித்ததாகவும் இருக்கட்டும்: முதியோரை வீட்டில் சந்திப்பது, மறைக்கல்வி வகுப்பில் உதவுவது, போதையில் சிக்கிய நண்பனோடு மருத்துவரிடம் போவது. மாதம் ஒருமுறையாவது அதே எட்டுப் பேர் சந்தித்தால்தான் இவை நடக்கும். ஆகவே தியானத்தின் தேதியைக் கோயிலில் அறிவிக்கும் ஞாயிறன்றே, அதற்குப் பிந்திய மூன்று மாதக் கூட்டங்களின் தேதிகளையும் பங்குத்தந்தையர் சேர்த்து அறிவிக்க வேண்டும்.