எஞ்சின் விளக்கும் எலுமிச்சம்பழமும்

கார் கோளாறு செய்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறவனைப் பார்த்துப் படித்த கூட்டம் சிரிக்கிறது. ஆனால் அதே கூட்டம் ஸ்கேனர் காட்டும் எண்ணை வேதவாக்காகக் கொண்டு கும்பிடுகிறது. இதுவும் ஒரு மூடநம்பிக்கையே என்கிறோம்.

ஓ.பி.டி.-2 என்னும் இம்முறை 1996-ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கக் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. இங்கு விற்கும் புதுக் கார்களிலும் இருக்கிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஏன் எரியவில்லை என்று அந்த எண் சொல்வதே கிடையாது. காயில் கெட்டிருக்கலாம், பிளக் தேய்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், கம்ப்ரஷனே இறங்கியிருக்கலாம். இப்படியிருக்க, எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் நான்கு காயிலையும் மாற்றிப் பணம் பிடுங்கும் மெக்கானிக்குக்கும், ஜாதகத்தைப் பார்த்துப் பரிகாரம் சொல்லும் ஜோசியனுக்கும் என்ன பேதம்?

சோதிக்க வழியா இல்லை? சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில், எஞ்சினை நிறுத்தி, முதலாவது காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றி, எண்ணை அழித்து, ஓட்டிப் பார்க்கட்டும். பி0302 வந்தால் குற்றவாளி காயில்தான். பி0301-ஏ வந்தால் பிளக்கை அவ்விதமே மாற்றிப் பார்க்கட்டும். இதற்கு என்ன செலவு?

எண்ணை மட்டும் அழித்துவிட்டுச் "சரியாகிவிட்டது" என்பது சுத்த மோசடி. கோளாறு இருந்தால் விளக்கு மறுபடி எரியும். விளக்கு மின்னி மின்னி எரியும்போது ஓட்டினாலோ, எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய்க் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே நாசமாக்கும்.

ஆகவே தோழர்களே! பணம் கொடுக்குமுன், "எப்படிச் சோதித்தாய்?" என்று கேளுங்கள். பதில் இல்லாதவனிடம் சாவியைக் கொடாதீர்கள்.