சருகுக்குத் தீ வைக்காதீர்கள்

கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. அடுத்து தீபாவளி வருகிறது. வீட்டை ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்கிற கையோடு, வாசலில் இருக்கும் சிறு தோட்டத்தையும் ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று தில்லியில் வாழும் நமக்கெல்லாம் ஒரு வேகம் வருகிற சமயம் இது. அந்த வேகத்தில் நாம் ஆண்டுதோறும் செய்கிற ஒரு தவற்றைப் பற்றிச் சங்க அன்பர்களோடு மனம்விட்டுப் பேச விரும்புகிறேன். உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. அந்தத் தவற்றைப் பல வருடங்கள் செய்தவன் நான்.

நம் ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்று நம் முன்னோர் பெயரிட்டதே மழையும் குளிர்காற்றும் சேர்ந்து வருவதால்தான். இங்கே கதை வேறு. செப்டம்பர் கடைசியில் மழை விடைபெற்றுக்கொண்டால், பிறகு வானம் துலக்கி வைத்த தாம்பாளம்தான். விடியற்காலையில் பவளமல்லி தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். வெயிலின் கொடுமை தணியும். வெந்தயக் கீரை, பாலக், முள்ளங்கி, கொத்துமல்லி எல்லாம் விதைக்க இதுவே பருவம். அக்டோபர் நடுவில் ரோஜாவைக் கவாத்து செய்தால்தான் குளிர்காலத்தில் பூ. “ஆடிப் பட்டம் தேடி விதை” என்று அங்கே சொன்னார்கள். தில்லி வீட்டுத் தோட்டக்காரனுக்கோ வருடப் பிறப்பே இந்த இலையுதிர் காலத்தில்தான்.

புது வருடம் என்றால் பழையது கழிய வேண்டுமே! மழைக்கு முளைத்த களை, காய்த்து ஓய்ந்த பீர்க்கு, பூசணிக் கொடிகள், வேலிச் செடியை வெட்டிய தழை, ரோஜாக் கிளை, புல் வெட்டிய குப்பை, நாள்தோறும் கூட்டிச் சேர்த்த சருகு. (வேம்பும் அரசும் மொத்தமாகக் கொட்டித் தீர்ப்பது பங்குனி வாக்கில்தான். அப்போதும் இதே பிரச்சினை, இன்னும் பெரிய குவியலாக!) இவ்வளவையும் மாலி ஒரு மூலையில் தள்ளுகிறான். இரண்டு நாள் காய்கிறது. பிறகு ஒரு தீக்குச்சி. அரை மணி நேரத்தில் தோட்டம் “சுத்தம்”.

நானும் அப்படித்தான் நினைத்தேன். சிவில் டிப்ளமா முடித்து 1980இல் ரயில்வேயில் சேர்ந்தவன் நான். முப்பத்தெட்டு வருடம் தண்டவாளத்தின் பக்கத்தில் கழிந்தது. பாதை பராமரிப்பில் இருப்பவர்களுக்குத் தழை என்றாலே எதிரி. ஜல்லிக்கு நடுவே மண்ணும் செத்தையும் சேர்ந்தால் தண்ணீர் வடியாது. தண்ணீர் வடியாவிட்டால் பாதை தாழும். பத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது ஜல்லியை அடிவரை தோண்டிச் சலித்துப் போடுவது அதற்காகத்தான். மழைக்கு முன்னால் பக்கவாட்டு வடிகால்களைச் சுத்தம் செய்யாத இன்ஸ்பெக்டருக்கு இரவில் தூக்கம் வராது. “எங்கே பச்சை தெரிந்தாலும் பிடுங்கு” என்று கேங்மேன்களை விரட்டியே பழகிய வாய் எனக்கு. ஓய்வு பெற்றுக் கிழக்கு தில்லியில் தரைத்தள வீட்டுக்கு வந்ததும், கிடைத்த பத்தடிக்குப் பதினைந்தடி மண்ணையும் பிளாட்பாரம் மாதிரி துடைத்து வைத்தேன். குவியலுக்குத் தீ வைப்பதை மாலியிடம்கூட விடவில்லை. நானே வைப்பேன்.

2019 அக்டோபரில் ஒரு நாள் விடியற்காலை. தீபாவளிக்கு இன்னும் சில தினங்கள் இருந்தன. குவியல் புகைந்துகொண்டிருந்தது. மாடி வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி கீழே இறங்கி வந்தார். எங்களோடு நல்ல பழக்கம். சண்டை போட வந்தவர் போலத் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, “அங்கிள்ஜி, பையன் ஸ்கூலுக்குப் போனபிறகு இதை எரிக்க முடியுமா? ராத்திரி முழுவதும் அவனுக்கு மிஷின் வைத்திருந்தோம்” என்றார். மிஷின் என்று அவர் சொன்னது நெபுலைசர். பையனுக்கு ஏழு வயது. மாடிப்படியில் என்னைப் பார்த்தால் சல்யூட் அடிக்கிற பையன். நான் எரிப்பதை நிறுத்தச் சொல்லக்கூட அந்த அம்மாளுக்கு வாய் வரவில்லை, நேரத்தை மாற்றச் சொன்னார், அவ்வளவே. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். என் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்றைக்கு முதல் நாள் மாலைதான் பூங்காவில் நாங்கள் நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்து, வைக்கோல்தாள் எரிக்கிற பஞ்சாப், ஹரியானா விவசாயிகளைக் காய்ச்சி எடுத்திருந்தோம். நான்தான் உரக்கப் பேசியவன்.

அந்த விவசாயியின் நிலையைக் கொஞ்சம் பார்ப்போம். நெல் அறுத்த வயலில் கோதுமை விதைக்க அவனுக்கு இரண்டு மூன்று வார அவகாசம்தான். நிலத்தடி நீரைக் காப்பதற்காக 2009இல் கொண்டுவந்த சட்டம் நெல் நடவை ஜூன் மாதத்துக்குள் தள்ளிவிட்டது. அதனால் அறுவடையும் தள்ளிப் போனது. இயந்திரம் அறுத்த வயலில் முழங்காலளவு தாள் நிற்கிறது. அதைப் பிடுங்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. அவன் எரிப்பது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்தடி மண்ணும், கைநிறைய ஓய்வும், மாதாமாதம் பென்ஷனும் உள்ள நமக்கு என்ன காரணம்?

“ஒரு கூடைச் சருகில் என்ன வந்துவிடப் போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பருவத்தில் காற்று அநேகமாக நின்றுவிடுகிறது. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே சற்று வெப்பமான காற்று மூடி போட்டது போல் நிற்கிறது. புகை மேலே போக வழியில்லை. கோடையில் எரித்தால் கலைந்து போகிற புகை, ஐப்பசியில் நம் ஜன்னல் உயரத்திலேயே தங்குகிறது. பஞ்சாபிலிருந்து வருகிற புகை எல்லாருக்கும் பொது. நம் குவியலின் புகையோ நேரே மாடி வீட்டுக்குப் போகிறது.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லியில் இலை, குப்பை முதலியவற்றைத் திறந்த வெளியில் எரிக்கக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. இருந்தும் அபராதத்துக்குப் பயந்து திருந்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் எரித்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் நம் கணக்கு. என் கணக்கும் அதுதான்.

சருகை எரித்தால் நஷ்டம் நமக்குத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இலையில் உள்ள தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல்சத்து. மண்ணை மிருதுவாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கிற மட்கு அடியோடு இல்லை. பிறகு நர்சரிக்குப் போய் மூட்டை உரத்துக்குக் காசு கொடுக்கிறோம். சொந்த முதலைக் கொளுத்திவிட்டுக் கடன் வாங்குவதைப் புத்திசாலித்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மட்கு உரம் தயாரிப்பதற்கு உலகம் முழுவதும் தெரிந்த ஒரு முறை நம் நாட்டின் பெயரிலேயே இருக்கிறது. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் விவசாயிகளின் பழக்கங்களையும் கவனித்து வகுத்த முறை அது. இந்தூர் முறை என்றே பெயர். நான் அதைச் சுருக்கி என் தோட்டத்துக்கு ஏற்றாற்போல் செய்துகொண்டேன்.

நான்கடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி. அடியில் ரோஜாக் குச்சிகள், காற்று போக. அதன்மேல் அரையடி சருகு, கையால் நொறுக்கிப் போட்டது. அதன்மேல் சமையலறைக் காய்கறிக் கழிவோ சாணமோ ஒரு மெல்லிய அடுக்கு. மேலே இரண்டு கை மண். தண்ணீர் தெளிப்பு. திரும்பவும் சருகு. மூன்று கூடைச் சருகுக்கு ஒரு கூடைப் பச்சைக் கழிவு என்று வைத்துக்கொண்டால் போதும். பதினைந்து இருபது நாளுக்கு ஒரு தடவை கிளறிவிட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. தில்லிக் குளிரில் வேலை மெதுவாக நடக்கும். நவராத்திரி முடிந்து போட்டது மாசி பங்குனியில் கறுத்து, மழை பெய்த மண் வாசனையோடு தயாராகிவிடும்.

மாலி சொல்கிற ஆட்சேபணைகள் எனக்கும் தெரியும். நாற்றம் வரும் என்பான். தண்ணீர் தேங்கினால்தான் நாற்றம், ரயில் பாதையானாலும் குழியானாலும் வடிகால்தான் முக்கியம். கரையான் வரும் என்பான். காய்ந்து கிடக்கும் குவியலைத்தான் கரையான் முதலில் தேடும். ஈரமாக வைத்துக் கிளறிவிட்டு, மரக் கதவுக்குத் தள்ளிக் குழி வெட்டினால் போதும். நோய் பிடித்த ரோஜா இலைகளை மட்டும் குழியில் போடாமல் தனியாகக் கட்டி முனிசிபாலிடி ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். தோட்டமில்லாத மாடி வீட்டுக்காரர்கள், ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் வாளியில் இதையே செய்யலாம்.

எல்லாச் சருகையும் குழியில் போட வேண்டும் என்பதுகூட இல்லை. நம் வீட்டுக் கறிவேப்பிலை தில்லிக் குளிரில் தூங்கிவிடும், மல்லிகையும் அப்படியே. இரண்டுக்கும் தண்ணீரைக் குறைத்து, வேரைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குச் சருகைப் பரப்பி வையுங்கள். தண்டை ஒட்டி வேண்டாம். ஊரிலிருந்து வந்த அந்தச் செடிகளுக்கு இந்த ஊர்ச் சருகு கம்பளியாகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மார்கழிக் குளிரில் நம் காலனிக் காவலாளி சருகைக் கூட்டி எரிக்கிறான் என்று புகார் சொல்கிறோம். இரவு முழுவதும் அவனைத் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு அவன் காய்கிற நெருப்பைக் குறை கூறுவது நியாயமா? ஒரு கதவுள்ள அறையும் ஒரு ஹீட்டரும் கொடுப்பது காலனிக்காரர்களின் கடமை. எங்கள் தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம். எரிப்பு தானாக நின்றது.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. விழா விருந்து முடிந்ததும் நூற்றுக்கணக்கில் வாழையிலையும், பூஜை முடிந்ததும் கூடை கூடையாக மாலைகளும் மிஞ்சுகின்றன. சங்க வளாகத்தில் ஒரு மூலையில் குழி வெட்டினால், அடுத்த விழாவுக்குப் பரிசாக உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு பை எரு தரலாம். பொன்னாடையைவிட அது பயன்படும்.

மாடி வீட்டுப் பையன் இப்போது என்னைவிட உயரம். குழியைக் கிளறுவது அவன் வேலை, எனக்கு இடுப்பு வலி. இந்த ஐப்பசிக்கும் முட்கொத்தோடு வந்து நின்று, “அங்கிள்ஜி, ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டான். நான் மூட்டிய புகையில் மூச்சுக்குத் திணறியவன் அவன். அன்று அவன் அம்மா கேட்டது நேர மாற்றம்தான். நாம் மாற்ற வேண்டியது பழக்கத்தை. இந்தத் தீபாவளிக்கு முன் உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு குழி வெட்டுங்கள்.