குஞ்சுக்குச் சூடு: ஒன்றை நம்பி இருக்கலாமா?

கோழி வளர்ப்பில் இறங்கும் நம் சகோதரர்கள் குஞ்சின் விலையையும் தீவனத்தின் விலையையும் நாலு இடங்களில் விசாரிக்கின்றனர். ஆனால், குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் விடயத்தில் மட்டும் பக்கத்துப் பண்ணைக்காரர் வைத்திருப்பதையே தாமும் வாங்கி வைக்கின்றனர். முதல் வாரத்திலேயே குஞ்சுகள் செத்து நட்டப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு நாள் குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். பண்ணைகள் அதிகமுள்ள வடமேல் மாகாணத்தில் பெப்ரவரிப் பகல் 30 பாகையைத் தாண்டும். அதே நாள் இரவு 22 பாகைக்கும் கீழே இறங்கும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழை திடீரென்று குளிரைக் கொண்டுவரும். ஆகவே, கூட்டவும் குறைக்கவும் கூடிய சூடே நமக்குத் தேவை.

இழைக் குமிழ் இதற்கு வசதியானது. குஞ்சொன்றுக்கு 2 வோற்று என்று கணக்கிட்டால் 500 குஞ்சுக்கு 100 வோற்றுக் குமிழ் பத்து வேண்டும். 12 மணி நேரம் எரிந்தால் 12 அலகு மின்சாரம் செலவாகும். பகலில் பாதியை அணைத்துவிடலாம். எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சத்துக்கு நல்லது, சூட்டுக்கு உதவாது.

ஆனால், மின்சாரத்தை மட்டும் நம்ப முடியாது. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. காஸ் அடுப்பு நல்ல மாற்று. எனினும், 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாம் வரிசையில் நின்றதும் மறக்கக்கூடியதல்ல.

சிரட்டைக் கரி நம் ஊரிலேயே கிடைக்கிறது, செலவும் குறைவு. ஆனால், நினைத்தவுடன் அதன் சூட்டைக் குறைக்க முடியாது. மூடிய கொட்டிலில் எரித்தால் அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயு குஞ்சை மட்டுமல்ல, காவலுக்குப் படுத்திருப்பவரையும் கொல்லும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கரி எரிப்பவர்கள் புகைபோக்கியை வெளியே விட வேண்டும். காற்று வரும் வழியையும் அடைக்கக் கூடாது. கொட்டிலில் யாரும் படுக்கவும் கூடாது.

என் அபிப்பிராயம் இதுதான்: அன்றாடம் மின்குமிழைப் பாவியுங்கள். மின்சாரம் நின்றால் உடனே பற்றவைக்கக் காஸ் அடுப்பையோ புகைபோக்கியுள்ள கரி அடுப்பையோ தயாராக வைத்திருங்கள். குஞ்சு வருமுன் இரண்டையும் ஒருமுறை எரித்துப் பாருங்கள். இரண்டாவது அடுப்பை வீண்செலவு என்று நினைப்பவர், தீவனத்தைக் கடனுக்கு எடுத்த பண்ணையில் ஓரிரவில் 500 குஞ்சும் செத்தால் அந்தக் கடனை யார் கட்டுவது என்று யோசிக்கட்டும்.

வெப்பமானியோடு குஞ்சையும் பாருங்கள். குமிழின் கீழ் நெருக்கியடித்தால் குளிர்கிறது. விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம். பரவலாக நின்று தின்றால் அளவு சரி. இரவு இரண்டு மணிக்கும் ஒருமுறை எழுந்து பார்ப்பதே நம் முதலுக்குப் பாதுகாப்பு.