கிழங்குத் தண்ணிதானே!

சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்காரர்களிடம் கழிவுநீரைப் பற்றி வாயெடுத்தால் பதில் தயாராக இருக்கும்: “இது என்ன சாயப்பட்டறையா? கிழங்குத் தண்ணிதானே!” கொஞ்சம் அழுத்திக் கேட்டால், “சுத்திகரிப்பு அது இதுன்னு போனா மில்லை மூட வேண்டியதுதான்” என்பார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

கிழங்குத் தண்ணீர் என்பது சரி. ‘தானே’தான் தப்பு. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை அரைத்து, பாலைச் சலித்துத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். ஆத்தூர்ப் பக்கத்து ஆலை ஒன்றின் பின்புறம் போய் நின்றேன். வாய்க்காலில் நீராகாரம் மாதிரிப் புளிப்பு வாடை. நாலடி தள்ளித் தேங்கிய குட்டையில் சாம்பல் நுரை, அழுகிய முட்டை நாற்றம். இந்த மாவுத் தண்ணீர் ஆற்றில் கலந்தால் நுண்ணுயிர்கள் விருந்துண்ணும்; உண்ணும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனையும் காலி செய்துவிடும். மீன் மூச்சுமுட்டிச் சாகும். போதாததற்கு, கிழங்கில் உள்ள லினமரின் அரைபடும்போது ஹைட்ரஜன் சயனைடு உண்டாகி அதில் ஒரு பங்கு தண்ணீரோடு போகிறது. குச்சித்தழை மேய்ந்து ஆடு செத்ததைப் பார்த்த விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இயற்கை என்றால் அரளி விதையும் இயற்கைதான்.

அடுத்தது, கட்டுப்படியாகாது என்ற புலம்பல். மீனைக் கொல்கிற அதே மாவுச்சத்துதான் எரிபொருள். காற்றுப் புகாத தொட்டியிலோ, கறுப்புத் தார்ப்பாய் போர்த்திய குளத்திலோ தண்ணீரை விட்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த மாவுச்சத்தை மீத்தேனாக்கும். அந்த வாயுவில் ஜெனரேட்டர் ஓடும், ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பும் எரியும். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சேலத்திலேயே ஆலைகள் செய்துகொண்டிருக்கின்றன. திறந்த குட்டையில் விட்டாலும் மீத்தேன் வரத்தான் செய்யும். அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கரன்ட் பில்லைக் கட்டிவிட்டு எரிபொருளைக் காற்றில் விடுவது என்ன கணக்கோ!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாயு எடுத்த பிறகும் அந்தத் தண்ணீர் சுத்தமாகிவிடாது. காற்றூட்டி இன்னொரு முறை சுத்திகரிக்க வேண்டும். அந்தச் செலவுக்கு வரவு கிடையாது, சின்ன ஆலைக்கு அது வலிக்கும். ஆனால் 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைத்துச் சேர்ந்து விற்கக் கற்றவர்கள், சேர்ந்து சுத்திகரிக்க முடியாதா?

சீசன் முடிந்தால் வாயுத் தொட்டியின் நுண்ணுயிர்கள் பட்டினியில் செத்துவிடும் என்று அவர்கள் சொல்வதும் பாதிதான் உண்மை. தொட்டிச் சேறு சில மாதம் இரையில்லாமலும் தாங்கும். மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துப் பழக்கினால் எழுந்துகொள்ளும்.

கடைசி வாதம்தான் நம் வீட்டுக்குள் வருகிறது: “வெள்ளையா இல்லாட்டி யாரும் வாங்க மாட்டாங்க.” வடநாட்டில் விரத நாள் கிச்சடிக்குப் போகும் சரக்கு பால் வெள்ளையாக இருக்க வேண்டுமாம். அதற்காகச் சிலர் வெளுப்பான் கலக்கிறார்கள். குளோரின் வெளுப்பான் கிருமியையும் கொல்லும். கழிவுநீரோடு வாயுத் தொட்டிக்குப் போனால் அங்கே உழைக்கிற நுண்ணுயிர்களையும் கொல்லும். பிறகு, “பிளான்ட் போட்டோம், கேஸே வரலை” என்று குறை.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் இரண்டு மூட்டைகள் திறந்திருந்தன. ஒன்று சுண்ணாம்பு வெள்ளை, மற்றது லேசாகப் பழுப்பேறியது. பழுப்பைக் காட்டி “அது ஓடாது சார்” என்று கடைக்காரர் வெள்ளையை என் பக்கம் தள்ளினார். இரண்டிலும் கால் கிலோ வாங்கி வந்தேன். வீட்டில் இரண்டு பாத்திரத்தில் வேகவைத்தோம். வெந்ததும் இரண்டுமே கண்ணாடி மணியாகிவிட்டன. எது எந்த மூட்டை என்று என் மனைவிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.