கிண்ணங்களின் கணக்கும் ஒரு கழகத்தின் வரலாறும்

விளையாட்டுக் கழகமொன்றின் பெருமையை அது வென்ற கிண்ணங்களின் எண்ணிக்கையால் அளந்துவிடலாம் என்னுங் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஐரோப்பிய உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் ஆண்டுகளையும் வெற்றிகளையும் அடுக்கிக் காட்டுவதோடு அமைதி கொள்கின்றனர். இக்கருத்துத் தவறானது மாத்திரமன்று, வரலாற்றை மறைப்பதுமாகும். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள செல்ரிக் கழகத்தின் வரலாற்றைக் கொண்டே இதனை நிறுவலாம்.

செல்ரிக் கிண்ணம் வெல்வதற்காகத் தோன்றிய கழகமன்று. பசி தீர்ப்பதற்காகத் தோன்றியது. அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் சூறையாடிய காலந்தொட்டுப் பிழைப்புத் தேடிக் கடல் கடந்த கத்தோலிக்க மக்கள் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் நெருக்கமான குடியிருப்புக்களில் வறுமையோடு வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளின் உணவுக்குப் பணம் திரட்டும் நோக்குடன், வோல்பிரிட் என்னும் மரிஸ்ற் சபைத் துறவியின் முயற்சியால், 1887 நவம்பர் 6ஆந் திகதி புனித மரியாள் ஆலய மண்டபத்தில் இக்கழகம் நிறுவப்பட்டது. 1888 மே மாதத்தில் நடந்த முதலாவது ஆட்டத்தில் அது றேஞ்சர்ஸ் கழகத்தை 5-2 என வென்றது.

ஆனால் அடுத்த பத்தாண்டுகளுக்குள் நிகழ்ந்தது யாது? 1892இல் வோல்பிரிட் இலண்டனுக்கு மாற்றப்பட்டார். வறிய சிறுவருக்கான கொடை தேய்ந்தது. 1897இல் கழகம் வரையறுத்த கம்பனியாயிற்று. பசித்தோர்க்கென எழுந்தது பங்குதாரரின் சொத்தாக மாறிற்று. இதனை வளர்ச்சி என்பாரும் உளர். ஸ்கொட்லாந்தில் ஆட்டக்காரர் ஊதியம் பெறுவது 1893இல் சட்டபூர்வமாயிற்று. ஆகவே கழகம் வணிக நிறுவனமாவது தவிர்க்க முடியாதது என்பது அவர் வாதம். உழைப்பவனுக்குக் கூலி கொடுப்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயின் ஆட்டக்காரனுக்கு ஊதியம் கொடுப்பதற்கும் பசித்த பிள்ளையை மறப்பதற்கும் இடையே என்ன தொடர்பு உண்டு? கிண்ணங்களின் பட்டியல் இக்கேள்வியை ஒருபோதும் எழுப்பாது.

இனி, அக்கழகத்தின் தலையாய வெற்றியை நோக்குவோம். 1967 மே 25ஆந் திகதி லிஸ்பன் நகரில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் செல்ரிக் இத்தாலியின் இன்ரர் மிலானை எதிர்கொண்டது. 1964இலும் 1965இலும் அக்கிண்ணத்தை வென்ற இன்ரர், எண்ணெய்த் தொழிலதிபர் ஒருவரின் செல்வத்தால் தாங்கப்பட்ட அணி. ஆட்டந் தொடங்கிச் சில நிமிடங்களில் தண்ட உதை மூலம் ஒரு கோலைப் பெற்ற அவ்வணி, பின்னர் தற்காப்பு அரணுக்குள் ஒடுங்கிற்று. செல்ரிக் இடைவிடாது தாக்கியது. ஜெமலும் சாமர்ஸும் அடித்த கோல்களால் 2-1 என வென்றது. பிரித்தானியக் கழகமொன்று ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை.

அன்று களமிறங்கிய பதினொருவரும் கழக மைதானத்திலிருந்து 30 மைல் வட்டத்துக்குள் பிறந்தவர்கள். அவர்களை வழிநடத்திய முகாமையாளர் ஜொக் ஸ்ரெயின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர், புரட்டஸ்தாந்தர். கத்தோலிக்கக் குடியேறிகளின் கழகம் தன் உச்சத்தை எய்தியது மதவேலியைத் தாண்டியபோதே என்பதை மதப்பகையை வளர்ப்போர் சிந்திப்பார்களாக.

இத்தகைய வெற்றி மீண்டும் நிகழுமா? திறமையிருந்தால் நிகழும் என்கின்றனர் சந்தையின் புகழ்பாடிகள். வரலாறு வேறு கதை கூறுகின்றது. 1970இல் பெயனூட், 1986இல் ஸ்ரேவா புக்காரெஸ்ற், 1991இல் பெல்கிரேட்டின் செந்தாரகை எனச் சிறிய நாடுகளின் கழகங்கள் பலவும் ஒருகாலத்தில் இக்கிண்ணத்தை வென்றன. 2004இல் போர்த்துக்கலின் போர்ட்டோ வென்றது. அதன் பின்னர், 2005 முதல் 2025 வரை, இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜேர்மனி, பிரான்ஸ் ஆகிய ஐந்து பெருநாடுகளுக்கு வெளியே அக்கிண்ணம் சென்றதில்லை. சிறிய நாடுகளிலே திறமை வற்றிவிட்டதா? இல்லை. திறமை விலைக்குப் போகின்றது. 1995ஆம் ஆண்டின் பொஸ்மன் தீர்ப்பைச் சிலர் பழிப்பர். ஒப்பந்தம் முடிந்தபின் விரும்பிய இடத்தில் தொழில் செய்யும் உரிமையையே பொஸ்மன் கேட்டார், அது நியாயமானது. பழிக்கப்பட வேண்டியது, தொலைக்காட்சிப் பணம் சில நாடுகளில் மாத்திரம் குவியும் ஏற்பாடே.

இவ்விடத்தில் செல்ரிக்கின் அன்பர்களும் ஓர் உண்மையை ஏற்கவேண்டும். ஐரோப்பாவில் அவர்களை நசுக்கும் அதே நியதி ஸ்கொட்லாந்தில் அவர்களுக்கு முடிசூட்டுகின்றது. 1986 முதல் 2025 வரை செல்ரிக்கையும் றேஞ்சர்ஸையும் தவிர வேறெக்கழகமும் அந்நாட்டின் முதன்மைப் பட்டத்தை வென்றதில்லை. 1966 முதல் 1974 வரை செல்ரிக் ஒன்பது பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. 2012 முதல் 2020 வரை மீண்டும் ஒன்பது. முன்னைய காலத்தில் எதிர்நின்ற றேஞ்சர்ஸ் 1967இல் ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்று, 1972இல் அக்கிண்ணத்தையே வென்ற அணி. பின்னைய காலத்திலோ, 2012இல் நிதி வீழ்ச்சியுற்ற றேஞ்சர்ஸ் நான்காம் பிரிவிலிருந்து ஏறிவர வேண்டியிருந்தது. பட்டியலில் இரண்டும் ஒன்பதே. வரலாற்றில் இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே, ஒரு கழகம் எத்தனை கிண்ணங்களை வென்றது எனக் கேட்பது போதாது. யாருடைய உழைப்பால் வென்றது, யாருக்காக வென்றது, யாரை எதிர்த்து வென்றது எனவும் கேட்கவேண்டும். இக்கேள்விகளைக் கேட்போர்க்கு, லிஸ்பனில் உயர்த்தப்பட்ட வெள்ளிக் கிண்ணத்தைப் போலவே, கிழக்குக் கிளாஸ்கோவின் வறிய சிறுவர் உண்ட ஒருவேளை உணவும் செல்ரிக்கின் சாதனையாகத் தோன்றும். கேளாதோர்க்குக் கிண்ணங்கள் மாத்திரமே எஞ்சும்.